வாய்க்கு வராத சமன்பாடு

மேடத்திடம் ஒரு தாளைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்க, மத்தியானம் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். வாசலைத் தாண்டுவதற்குள் முதுகில் குரல் விழும்.

"இன்னா சார், கடுதாசிய வச்சிட்டு ஓட்ற? இத எப்டி படிப்பேன்னு சொல்லிட்டு போ."

"அதான் எழுதியிருக்கே மேடம்."

"எய்தி கீறது எனக்கும் தெரியுது. உன் வாயால எப்டி படிப்பேன்னு கேட்டேன்."

அதற்கப்புறம் தப்ப வழியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் சமன்பாட்டை நானே உரக்கப் படிக்க வேண்டும். எங்கே திக்குகிறேனோ அங்கே அவர் பென்சிலால் ஒரு சுழி போடுவார். சுழி போட்ட இடத்தை மறுபடி படிக்க வேண்டும். திக்காமல் படித்து முடித்தால்தான் அவர் கை விசைப்பலகைக்குப் போகும். "வாய்ல வராதது ஸ்க்ரீன்லயும் வராது" என்பார். இதை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்வார் என்று கணக்கே கிடையாது.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், பாதி வயலும் பாதி மனையுமாக இருந்த இடத்தில் எங்கள் பொறியியல் கல்லூரி இருந்தது. நான் இயந்திரவியல் ஆசிரியர். அவர் கணிதம். கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. மற்றவர்களைப் பெயரோடு சேர்த்து மேடம் என்போம். வெறுமனே மேடம் என்றால் இவர் ஒருவர்தான். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு முன்னே பின்னே. என்னைச் சார் என்று கூப்பிட்ட கையோடு நீ என்றும் பேசுவார். வகுப்பில் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு ஆசிரியர் அறையில் அவர் பேசும் தமிழைக் கேட்டால், இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறதா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் விழிப்பார்கள். வெளியாட்கள் வரும்போது கொஞ்சம் அடக்கிப் பேசுங்கள் என்று முதல்வர் ஒருமுறை சொன்னார். "நான் அண்ணனூர் சார். அண்ணனூர்ல இப்டித்தான் பேசுவாங்க" என்றார். முதல்வர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த முதல்வரின் சுற்றறிக்கை ஒன்று நினைவுக்கு வருகிறது. தேர்வு மேற்பார்வையைப் பற்றியது. ஒரே வாக்கியம், பக்கம் முழுக்க ஓடியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிட்டோம். மேடம் அதை எடுத்துக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போய், அவர் எதிரில் நின்று உரக்கப் படித்தார். பாதியில் மூச்சு முட்டியது. "சார், இதுல நாங்க வரணுமா வேணாமான்னு எங்க சார் கீது?" என்று கேட்டார். முதல்வர் தாளை வாங்கி அவரும் படித்துப் பார்த்தார். அவருக்கும் கிடைக்கவில்லை. மறுநாள் இரண்டே வரியில் புதிய சுற்றறிக்கை வந்தது. எங்களுக்கெல்லாம் உள்ளூரக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த வருடம் மேடத்துக்கு வர வேண்டிய ஊதிய உயர்வு கொஞ்சம் தள்ளிப் போனதையும் சொல்ல வேண்டும்.

நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். அப்போது ஆய்வேடு என்றால் தட்டச்சுதான். தட்டச்சு செய்பவர் வாக்கியங்களை அடித்துவிட்டு, சமன்பாடு வரும் இடங்களை வெற்றிடமாக விட்டுவிடுவார். அந்த இடங்களில் கறுப்பு மையால் கையால் எழுதி நிரப்ப வேண்டும். யாருடைய ஆய்வேடாக இருந்தாலும் மேடத்தின் கையெழுத்துதான் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அச்சில் போட்டது போல எழுதுவார். அப்போதும் இதே கதைதான். வாயால் சொன்னால் எழுதுவார், தாளை நீட்டினால் எழுத மாட்டார். ஒருமுறை மின்னியல் துறைக்காரர் ஒருவர் சொல்லச் சொல்ல இவரும் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். "டீ ஐ பை டீ டீ, கூட டீ ஸ்கொயர் ஐ பை டீ டீ ஸ்கொயர்..." ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த பியூன் கெட்டிலோடு உள்ளே வந்துவிட்டார். "எத்தினி டீ மேடம்?"

"வந்துட்ட இல்ல, ஆளுக்கு ஒண்ணு ஊத்திட்டுப் போ நைனா" என்றார் மேடம், தலையை நிமிர்த்தாமலே.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்காமலே ஒருநாள் சொன்னார். நகரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு மின்சார ரயிலில் திருநின்றவூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் அங்கே வாடகைக்கு இருந்தேன், அவர் ஏதோ உறவினர் வீட்டுக்கு வந்தார். அண்ணனூர் நிலையம் தாண்டியதும் பணிமனைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. வண்டியைச் சோதிக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து போவார்களாம். ஒருவர் உறுப்பின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதே பெயரைச் சொல்லிச் 'சரி' என்று குரல் கொடுப்பார். குரல் வராவிட்டால் வண்டி நகராது.

"எங்க நைனா ஊட்லயும் அப்டித்தான். ராவுல படுக்க சொல்லோ ஸ்டவ்வு, தாப்பா, தண்ணிக் கொயா எல்லாத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நாங்க பதில் சொல்லணும். பதில் வரலேன்னா எய்ந்து வந்துடுவார்."

"உங்களுக்குக் கோபம் வராதா?"

"வராம? ஆனா ஒரு நாளும் எங்க ஊட்ல கொயா ஒயுகினதில்ல சார்."

தொண்ணூறுகள் பாதியைத் தாண்டிய பிறகுதான் ஒரு கணித மென்பொருளின் புதிய பதிப்பு எங்களுக்கு வந்தது. கணக்குப் போடும், வளைகோடு வரையும், நாம் எழுதுகிற விளக்கங்களையும் அதே பக்கத்தில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்புக்கு நோட்புக் என்றே பெயர். அதற்கு முன்னால் எங்களிடம் இருந்த பழைய பதிப்பில் சமன்பாடுகளை ஒரே நீள வரியாக, ஆங்கிலப் பெயர்களும் அடைப்புக்குறிகளுமாக அடிக்க வேண்டும். புதிய பதிப்பு, கரும்பலகையில் எழுதுவது போலவே திரையில் காட்டியது. பின்னத்துக்கு மேலும் கீழும் எண்கள் நின்றன, வர்க்கமூலத்துக்குக் கூரை வந்தது. இன்னொரு வசதியும் இருந்தது. எந்தக் குறியை எந்த விசைகளால் கொண்டுவருவது, அது திரையில் எப்படித் தெரிய வேண்டும், உள்ளே இயந்திரத்துக்கு அது என்னவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் நாமே வகுத்துக்கொள்ளலாம். அதற்கான விளக்கப் புத்தகம் தலையணை மாதிரி இருந்தது. நாங்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டோம். மேடம் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தார். உரக்கத்தான் படித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பாவம் அவர் வீட்டுக்காரர்.

திரும்பி வந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறி வகுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். எஸ்கேப் விசையை அமுக்கி, ஒரு சின்னப் பெயரை அடித்து, மறுபடி எஸ்கேப் அமுக்கினால் குறி வந்து உட்காரும். அந்தப் பெயர் என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் மேடம் தன் குணத்தைக் காட்டினார். புத்தகத்தில் போட்டிருக்கும் பெயர்களை அவர் சட்டை செய்யவில்லை. யார் எப்படி வாயால் சொல்கிறார்களோ அதுதான் அவர்களுக்கு விசை. கட்டிடவியல் சார் ஒருவர் டெல்டாவை எப்போதும் முக்கோணம் என்பார். அவருக்கு 'முக்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் முக்கோணம் வந்தது. அதையே தலைகீழாகப் போட்டால் வரும் குறிக்கு 'தல'. வளைந்த டி-க்கு ஒருவர் 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தார், அவருக்குக் கொக்கி. வெளியிலிருந்து யாராவது வந்து எங்கள் விசைப்பலகையில் உட்கார்ந்தால் தலையைச் சொறிவார்கள். எங்களுக்கோ தாய்மொழியில் கணக்குப் போடுவது போல இருந்தது.

ஆனால் எல்லோரும் இதில் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் பெரிய சமன்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கம் போல "எப்டி படிப்ப சார்?" என்றார் மேடம். அவர் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது குறியிலேயே நின்றுவிட்டார். தன் சமன்பாட்டின் குறிக்குப் பெயர் தெரியவில்லை. எங்கிருந்தோ அப்படியே எடுத்து எழுதியது என்பது அறையில் இருந்த எனக்குப் புரிந்துவிட்டது. மேடத்துக்கும் புரிந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நாளிக்கு வா சார், மிசின் இன்னிக்கு பேஜார் பண்ணுது" என்று அனுப்பிவிட்டார். சமன்பாடு கொண்டுவந்தவர் மறுநாள் வரவில்லை. அதற்கப்புறம் மேடத்தோடு பேசவும் இல்லை. எனக்கு அன்றைக்கு மேடத்தின் மேல் கொஞ்சம் பயமே வந்தது. ஒரு சாதாரணக் கேள்வியால் இவ்வளவு நடக்கிறதே என்று.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். நீளமான ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் இரும்புத் தண்டு, எந்த வேகத்தில் எவ்வளவு அதிரும் என்பதுதான் என் ஆய்வு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் தண்டை ஓட்டி அளவு எடுத்தேன். கணக்கைக் கல்லூரிக் கணினியில் போட்டேன். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். என் வழிகாட்டி நகரத்தில் இருந்தார். கறாரான மனிதர். பக்கம் பார்க்க அழகாக இல்லாவிட்டால் அதற்குள் இருப்பதைப் படிக்கவே மாட்டார்.

தண்டு எவ்வளவு வளைகிறது என்பதற்கு நான் வைத்த எழுத்து டபிள்யூ. அது நேரத்துக்கு நேரம் மாறுவது. காகிதத்தில் வெறும் டபிள்யூ என்று எழுதினாலே படிப்பவர்களுக்குப் புரிந்துவிடும். கணினிக்குப் புரியாது. டபிள்யூவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, நேரத்துக்கான டி-யை அதற்குள் எழுதினால்தான் அது மாறக்கூடியது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அசையாத ஒரு எண் என்று நினைத்துக்கொள்ளும். ஆக, என் பக்கங்கள் முழுக்க அடைப்புக்குறியும் டி-யும். வழிகாட்டி முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, பக்கம் பூரா எறும்பு ஊருது?" என்று திருப்பித் தந்துவிட்டார்.

மேடத்திடம் வந்து அந்த டி-யைத் திரையில் மறைக்க முடியுமா என்று கேட்டேன்.

"மறைக்கலாம். உள்ள இருக்கும், வெளிய தெரியாது. ஆனா இன்னாத்துக்கு சார் இந்த வேலை? மறைச்சா நாமளே மறந்துடுவோம்."

"கைடு ஒத்துக்க மாட்டேங்கறார் மேடம்."

அரை மனசோடு செய்து கொடுத்தார். எஸ்கேப்புகளுக்கு நடுவில் இரண்டு டபிள்யூ அடித்தால், திரையில் ஒரே ஒரு டபிள்யூ வரும். அதற்குள்ளே டி மறைந்திருக்கும். சாதாரணமாக ஒரு டபிள்யூ அடித்தால் அது வெறும் டபிள்யூ. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. ஒரு கட்டளை கொடுத்தால் உள்ளே இருப்பது உள்ளபடி நீள வரியாக விரியும். டபிள்யூ மாறும் வேகம் வருகிற இடங்களில் அதன் பின்னால் ஒரு கமாவும் இன்னொரு டி-யும் சேர்ந்து நிற்கும். ஏற்றி முடித்ததும் மேடம் அந்த நீள வரியைத்தான் உரக்கப் படிப்பார். நான் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று அத்தியாயங்கள் இப்படியே போயின.

நான்காவது அத்தியாயத்தின்போது மேடத்துக்குக் குரல் போய்விட்டது.

விளையாட்டில்லை, ஒரு காலையில் எழுந்தபோது வெறும் காற்றுதான் வந்ததாம். பூந்தமல்லி டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் வீக்கம் இருக்கிறது, தான் சொல்லும் வரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது, மீறினால் குரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று மிரட்டி அனுப்பினார். வகுப்பு எடுக்க முடியாது, வீட்டில் சும்மா உட்காரவும் அவரால் முடியாது. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கணினி அறையிலேயே உட்கார்ந்துகொண்டார். என்ன கேட்டாலும் கரும்பலகையில் சாக்பீஸால் பதில் எழுதுவார். ஆசிரியர் அறை வெறிச்சென்று ஆகிவிட்டது. அமைதியாக இருக்கிறது என்று முதலில் சிரித்தவர்கள்கூட இரண்டாம் நாளே, மேடத்துக்கு எப்போது சரியாகும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

என் நான்காவது அத்தியாயத்தை அந்த மௌன நாட்களில்தான் ஏற்றினார். எனக்குப் பதிவுக் காலம் முடியப் போகிற நேரம். டாக்டர் வாயைத்தான் கட்டிப்போட்டார், கையை இல்லை என்று பலகையில் எழுதிவிட்டு அடித்துக் கொடுத்தார். உரக்கப் படிப்பது மட்டும் நடக்கவில்லை. நான் திரையையும் தாளையும் கண்ணால் ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டோம்.

கணக்கை ஓட்டியதும் வளைகோடு வந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது செங்குத்தாக ஏறி, படத்தின் கூரையை முட்டிக்கொண்டு போனது. அந்த வேகத்தில் தண்டு உடைந்து சிதறிவிடும் என்று அர்த்தம். ஆனால் அம்பத்தூர் பட்டறையில் அதே தண்டு அதே வேகத்தைத் தாண்டி ஓடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். லேசாக உறுமிவிட்டு அடங்கியது, அவ்வளவுதான்.

வழிகாட்டி படத்தைப் பார்த்தார். "உன் கணக்கு ஷாஃப்டை ஒடைக்குது. ஷாஃப்ட் ஒடைய மாட்டேங்குது. நான் யாரை நம்பறது?"

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. இல்லேன்னா தலைப்பை மாத்திப் புதுசாப் பதிவு பண்ணிக்கோ."

புதிதாகப் பதிவு என்றால் முதலிலிருந்து. இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் ஓடியிருக்கிறேன். குழந்தை நடக்க ஆரம்பித்த நாளில் நான் பட்டறையில் இருந்தேன். இன்னொரு தடவை இதையெல்லாம் செய்ய எனக்குத் தெம்பு கிடையாது என்று எனக்கே தெரியும். விட்டுவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

வியாழக்கிழமை கணினி அறைக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு மேடம் எழுந்து வந்தார். எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். பத்து தடவை பாத்துட்டேன். தப்பு என் தலையில எழுதியிருக்கு. இல்லேன்னா உங்க எஸ்கேப்பு, மறைக்கிறது, காட்டுறது, இதுல எங்கியோ இருக்கு."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போனதுதான் தெரிந்தது. அவர் வகுத்துக் கொடுத்த குறிகளில்தான் பாதிக் கல்லூரியின் கணக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. வகுத்ததில் தப்பு என்றால் அத்தனை பேரின் கணக்கும் தப்பு. இந்தப் பயத்தோடு அவர் எத்தனை நாளாக உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. பலகைக்குப் போய் 'படி சார்' என்று பெரிதாக எழுதினார். நாற்காலியைக் காட்டினார். தாளை அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு முறை மாறியது. உள்ளிருக்கும் நீள வரியைத் திரையில் விரித்து, நான் படித்தேன். அவர் தாளைப் பார்த்து விரலை உயர்த்திச் சரி என்று காட்டிக்கொண்டே வந்தார். டபிள்யூ, அடைப்புத் திற, டி, அடைப்பு மூடு. படித்துப் படித்து வாய் வறண்டது. அத்தியாயம் முழுக்க முடிந்தது. தப்பு எதுவும் அகப்படவில்லை.

"நான் சொன்னேன் இல்ல?" என்று எழுந்தேன்.

மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு பலகையில் எழுதினார்: 'தெரிஞ்சதைப் படிக்கிற சார். இருக்கறதைப் படிக்கல.' அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டார். வலமிருந்து இடமாக.

கடைசியிலிருந்து முதலுக்கு, பின்னோக்கிப் படிக்க வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன். போய் எங்கே உட்காருவது என்று தெரியாததால் இருந்தேன்.

பின்னோக்கிப் படிக்கும்போது எதுவும் சமன்பாடாகத் தெரியவில்லை. வெறும் எழுத்துகள். மூடு, டி, கமா, மூடு, டி, திற, டபிள்யூ. அடுத்த வரி. மூடு, டி, கமா, மூடு, டி, திற, டபிள்யூ. பாட்டு மாதிரி ஆகிவிட்டது. அலுப்பில் எனக்குக் கண் சொருகியது. மூடு, டி, கமா, டபிள்யூ.

மேடம் மேசையை அறைந்தார்.

திடுக்கிட்டு மறுபடி படித்தேன். மூடு, டி, கமா, டபிள்யூ. நடுவில் இருக்க வேண்டிய அடைப்புக்குறிகளும் டி-யும் அங்கே இல்லை. வெறும் டபிள்யூ. முதல் தடவை படித்தபோது, இல்லாத டி-யை நானே சேர்த்துப் படித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

அது எந்த இடம் என்று பார்த்தேன். தண்டின் இரண்டு முனைகளையும் தாங்கும் பேரிங்குகளில் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய்தான் அதிர்வை அமுக்கிப் பிடிப்பது. அது எவ்வளவு அமுக்குகிறது என்று சொல்லும் வரி அது. டபிள்யூ மாறுகிற வேகத்தை வைத்துத்தான் அந்த அமுக்கம் வரும். வெறும் டபிள்யூ என்றால் இயந்திரத்துக்கு அசையாத எண், அசையாததற்கு வேகம் பூஜ்யம். ஆக, அந்த வரி மொத்தமும் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிட்டது. கணினிக்குள்ளே என் தண்டு எண்ணெயே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது உடையாமல் என்ன செய்யும்?

மேடம் திரைக்கு வந்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் பறக்கவிட்டு வாயைத் திறந்தார். கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம் வந்தது.

"நாந்தான் சார். எஸ்கேப் போடாம அட்ச்சிட்டேன். என் கைதான்."

"பேசாதீங்க மேடம்!"

"என் கைதான்" என்று மறுபடி சொன்னார். தலைப்பு போய்விடும் என்று மிரண்டு கிடந்த என்னைவிட, அவர் முகத்தில்தான் அதிக வெளிச்சம் வந்தது. குறிகளை வகுத்ததில் தப்பில்லை. கை ஒரு தடவை தவறியிருக்கிறது. மற்றவர்களின் கணக்கெல்லாம் பிழைத்தது. இதை அவர் ஒளிக்கவும் இல்லை, மென்று விழுங்கவும் இல்லை. அந்தப் பக்கம் போன பியூனைக்கூடக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடம் சிரிக்கிறாரே என்று அவரும் சிரித்தார்.

திருத்திவிட்டு ஓட்டினோம். எங்கள் கணினி அப்போதெல்லாம் யோசிக்க நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் கோயிலில்கூட அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. வளைகோடு ஏறியது. கூரையை நோக்கிப் போனது. பாதி வழியில் தோளைச் சாய்த்து, வளைந்து, சாவகாசமாக இறங்கியது. பட்டறையில் நான் எடுத்த அளவுகளை அதன் மேல் புள்ளிகளாக வைத்தேன். எல்லாம் கோட்டை ஒட்டியே விழுந்தன. இத்தனை வருடப் பாரம் இறங்கிவிட்டது என்பது முதுகுக்கே தெரிந்தது. மேடம் முகத்தை மப்ளரில் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலைப் பிடித்து வழிகாட்டியிடம் போனேன். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்ன மாற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். நான்காவது அத்தியாயத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். புரட்டி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பைண்டிங்குக்குக் குடுத்துடு" என்றார்.

படியிறங்கி வந்தேன். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் சிவப்பு போன் இருந்தது. முதலில் மனைவிக்குச் சொல்ல வேண்டும்தான். எங்கள் வீட்டில் போன் கிடையாது. கல்லூரிக்குப் போட்டு மேடத்தைக் கூப்பிடச் சொன்னேன். ரிசீவரைக் கையில் எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் பேசக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேடம், நான்தான். பைண்டிங்குக்குக் குடுக்கச் சொல்லிட்டார்."

எதிர்முனையில் மூச்சு விட்டு விட்டு வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றோம். நேரம் முடிகிறது என்று போன் கீச்சிட்டது. சட்டைப் பையைத் துழாவி இன்னொரு ரூபாயைப் போட்டேன்.